சின்னையா யாரை அடிக்கச் சொன்னார்?

பாட்டுப் பதிவு செய்ய நிறையப் பணம் வேண்டும் என்பது பணக்காரர்கள் கிளப்பிவிட்ட வதந்தி. கோல சிலாங்கூரிலிருந்து தஞ்சோங் காராங் போகும் வழியில் இருந்த ஒரு ரப்பர் எஸ்டேட்டில், எண்பத்தாறாம் வருடம், சின்னையா பத்து வீடுகள் ஒட்டி நின்ற லயத்தில் தன் வீட்டுக்குள்ளேயே ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தைக் கட்டி முடித்தார். சுவரில் ஒட்டிய முட்டை அட்டைகள் கோழிப்பண்ணையில் சும்மா கிடைத்தவை. திரையாகத் தொங்கிய சாக்குகள் சுங்கை புரோங் நெல் ஆலையிலிருந்து வந்தவை. கேசட் ரெக்கார்டர்கள் இரண்டும் பழையவை. ஒன்று பதிவதற்கு, மற்றது பிரதி எடுப்பதற்கு. மைக் கோயிலில் தூக்கிப் போட்டது. அதன் தலையில் ஒரு நெளிவு உண்டு. முதல் மரியாதை யாருக்கு என்ற பக்திப் பிரச்சினையில் அது ஒருவர் மண்டையில் இறங்கியபோது ஏற்பட்டது.

சின்னையாவுக்கு முப்பத்தாறு வயது. புகைக்கூண்டில் ரப்பர் சீட்டுகளுக்குப் புகை போடும் வேலை. கல்யாணம் ஆகவில்லை. ஆகவே அடுப்படியில் மேளக்காரர்களை உட்கார வைத்து, கூடத்தில் தான் ஹெட்போனோடு உட்கார்ந்துகொள்ளும் ஏற்பாட்டுக்கு வீட்டில் ஆட்சேபம் சொல்ல யாரும் இல்லை.

ஒரே ஒரு குறை. லயத்துச் சுவர்கள் கூரையைத் தொடுவதில்லை. ஆள் உயரத்துக்கு மேல் ஒரு முழம் போய் நின்றுவிடும். அதற்கு மேலே பத்து வீட்டுக்கும் ஒரே காற்று, ஒரே சத்தம். பலகை வைத்து அடைக்கிறேன் என்று சின்னையா கேட்டதற்கு, காற்றோட்டம் கெட்டுவிடும் என்று எஸ்டேட் ஆபீஸில் கணக்குப் பார்க்கும் கிராணி மறுத்துவிட்டார். தொழிலாளர் நலனில் அவருக்கு அன்றைக்கு மட்டும் அப்படி ஓர் அக்கறை.

சின்னையா வீடு ஏழாம் நம்பர். எட்டாம் நம்பரில் பால்மரம் வெட்டும் முருகையாவும் அவன் மனைவி லெட்சுமியும் இருந்தார்கள். முருகையா ஒழுங்கு தவறாத மனிதன். சனி, ஞாயிறு நம்பர் குலுக்கலில் அவன் எடுத்த எண் விழாவிட்டால் மனைவியை அடிப்பான்; விழுந்தால் குடித்துவிட்டு அடிப்பான். லயத்துக்காரர்களும் நாகரிகம் தெரிந்தவர்கள். எட்டாம் நம்பரில் முதல் அடி விழுந்ததும் மற்ற வீடுகளில் ரேடியோவைக் கூட்டி வைத்துவிடுவார்கள். அடுத்தவர் குடும்ப விஷயத்துக்குக் காது கொடுப்பது தப்பல்லவா? ஆறு வருடமாக இப்படித்தான். சின்னையாவும் கூட்டி வைத்தவர்தான்.

மைக் வந்த பிறகு அவருக்கு அது வேறு விதமான தொல்லையாகிவிட்டது. கோல சிலாங்கூரில் கேசட் கடை வைத்திருந்த ஷேக் தாவூது தெளிவாகச் சொல்லியிருந்தார்.

"நாய் கொரைக்காம, சேவ கூவாம ஒரே ஒரு பாட்டு கொண்டாங்க தம்பி. நூறு பிரதி நானே போட்டு விக்கிறேன். போன தடவ கொண்டாந்தீகளே, அதுல பாட்ட விட பொம்பள கத்துறதுதான் நல்லா கேக்குது."

ஆறு மாதத்தில் பதினொரு முறை முயன்று பதினொன்றும் பாழ். நாய், சேவல், லோரி, லெட்சுமி. நான்குக்கும் சின்னையா வைத்திருந்த பெயர் ஒன்றே: இரைச்சல்.

பன்னிரண்டாவது முயற்சிக்கு அவர் ஒரு புதன்கிழமை பிற்பகலைத் தேர்ந்தெடுத்தார். குலுக்கல் இல்லாத நாள். எட்டாம் நம்பர் அமைதியாக இருக்கும். ஆனால் அன்று காலையில் பெய்த மழையில் பால்வெட்டு நின்றுபோனதையும், முருகையா ஒன்பது மணிக்கே சம்சு குடிக்க ஆரம்பித்துவிட்டதையும் அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

தப்பு மேளம் அடிக்க வந்தவன் புக்கிட் பெலிம்பிங் செல்லன். திருவிழாவில் காது கிழிய அடிப்பவன். மைக்கைக் கண்டதும் தப்பைத் தூங்கும் குழந்தையைத் தட்டுவதுபோலத் தட்டினான். சாக்குத் திரைக்கு இந்தப் பக்கம் ஹெட்போனை மாட்டியிருந்த சின்னையாவுக்கு, சுவருக்கு மேலிருந்து முருகையாவின் குரல் கேட்டது. பல்லைக் கடித்தார். தப்புச் சத்தம் ஏறினால் அது அமுங்கிவிடும். காதை அடைத்துக்கொண்டவர்கள் எல்லோரையும்போல அவரும் தன்னை அறியாமல் கத்தினார்.

"என்னாடா தடவுற? அடி!"

"அடிச்சிக்கிட்டுதானண்ணே இருக்கேன்."

"இதுக்குப் பேரு அடியா? பயப்படாத! தூக்கி ஓங்கி அடி! கைய நிறுத்துன, கொன்னுருவேன்!"

பக்கத்து வீட்டில் அதற்குள் பெல்ட் நான்கு முறை இறங்கியிருந்தது. அதன் கொக்கி லெட்சுமியின் புருவத்தைக் கிழித்து, ஒரு கண்ணை ரத்தம் மூடியிருந்தது. அடுப்போடு அடுப்பாக ஒடுங்கிக் கிடந்தவளுக்குத் தலைக்கு மேல் அந்தரத்திலிருந்து உத்தரவு கேட்டது. பயப்படாதே. ஓங்கி அடி. கையை நிறுத்தாதே.

அவள் நிறுத்தவில்லை. கைக்கு எட்டியது ரப்பர் விறகுக் கட்டை. முதல் அடி மணிக்கட்டில் விழுந்தது. பெல்ட் கீழே விழுந்தது. இரண்டாவது தோளெலும்பை முறித்தது. மூன்றாவதில் முருகையாவின் காது பாதி தொங்கியது. சுவருக்கு இந்தப் பக்கம் செல்லனுக்கும் ஒருவழியாக ரோஷம் வந்துவிட்டிருந்தது. தாளம் பிசகவில்லை.

முருகையாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். லெட்சுமியைப் போலீஸ் வேன் ஏற்றிப் போனது. கூட்டம் கலைந்த பிறகு சின்னையா கேசட்டைப் பின்னால் ஓட்டி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டார். "இன்னைக்கு ஒன்ன பொணமாத்தான் வெளிய அனுப்புவேன்." பெல்ட். "வேணாங்க." பெல்ட். ஒவ்வொரு வீடாக ரேடியோ ஏறும் சத்தம். இரண்டாம் தடவை கேட்க அவரால் முடியவில்லை. நாயும் சேவலும் அந்தப் பதிவில் இல்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து முருகையா வாக்குமூலம் கொடுத்தான். தூங்கிக்கொண்டிருந்தானாம். பெண்டாட்டியும் பக்கத்து வீட்டுக்காரனும் பேசி வைத்துக் கொல்லப் பார்த்தார்களாம். லயமே சாட்சி சொன்னது. ஆறு வருடமாக எட்டாம் நம்பரிலிருந்து ஒரு முனகல்கூடக் காதில் விழாத அத்தனை பேருக்கும், சின்னையா "அடி" என்று சொன்னது மட்டும் எழுத்துப் பிசகாமல் கேட்டிருந்தது.

மறுநாள் மாலை, தொழிலாளர்களை மேய்க்கும் மண்டோர் நடராஜா இரண்டு ஆட்களோடு வந்தார். முருகையா அவருடைய மச்சினன்.

"சின்னையா, நீ சொன்னது தப்பு."

"தப்பத்தான் சொன்னேன் மண்டோரே. தப்ப அடின்னுதான் சொன்னேன்."

"வாய் ரொம்ப நீளுதுலா ஒனக்கு. அந்தக் கேசட்ட எடு. ஒன் மேல ஒரு கேசும் வராது, நான் பாத்துக்கறேன். கோயில் பாட்டு பூரா இனி ஒன் மெஷின்லதான். என்னா சொல்ற?"

"அப்ப லெட்சுமி?"

"புருசன் மண்டய ஒடச்சவ உள்ளதான் கெடப்பா. ஒனக்கு என்னா அவ, அக்காவா தங்கச்சியா?"

சின்னையா ஒரு கேசட்டை எடுத்து நீட்டினார். மண்டோர் அதன் நாடாவை உருவிக் காலால் மிதித்தார். பழைய பதினொரு முயற்சிகளும் அதில்தான் இருந்தன. கொடுத்தாயிற்றே என்று விட்டிருக்கலாம். ஆனால் வந்த வேலையைப் பாதியில் விடுவது மண்டோருக்குப் பழக்கமில்லை. ஆட்கள் இரண்டு ரெக்கார்டர்களையும் வாசற்படியில் அடித்து நொறுக்கினார்கள். முட்டை அட்டைகளைப் பிய்த்தெறிந்தார்கள். பிறகு மைக் கட்டியிருந்த கம்பை உருவிச் சின்னையாவின் இடது கையில் இறக்கினார்கள். எலும்பு முறிந்த சத்தம் அவருக்கே கேட்டது. விலாவில் உதை விழும்போதுதான் அவர் கவனித்தார்: லயம் முழுக்க ரேடியோக்கள் பெரிதாகப் பாடிக்கொண்டிருந்தன.

நிஜக் கேசட் புகைக்கூண்டில், அவருடைய ரப்பர் பூட்ஸுக்குள் இருந்தது. விடிந்ததும் ஒற்றைக் கையால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார்.

மலாய்க்கார சார்ஜன் பொறுமைசாலி. வாக்குமூலத்தில் லயமே அடிக்கோடிட்டிருந்த சொல்லில் விரலை வைத்தார்.

"அடி, அப்பா?"

அது தகப்பனை அழைத்ததல்ல. மலாயில் 'அப்பா' என்றால் 'என்ன'.

"புக்குல்," என்றார் சின்னையா.

அங்கேயும் அதே சிக்கல். மேளத்தை அடித்தாலும் புக்குல்தான், மனுஷனை அடித்தாலும் புக்குல்தான். போதாததற்கு, மணியைச் சொல்லவும் அதே சொல். எத்தனை அடி என்று சார்ஜன் கேட்டதற்குச் சின்னையா "தீகா" என்று மூன்று விரலைக் காட்ட, சம்பவ நேரம் மூன்று மணி என்று எழுத்தர் பதிந்துகொண்டார். நேரம் சரியாகத்தான் இருந்தது.

கேசட்டைப் போட்டார்கள். முருகையா பேசியது சார்ஜனுக்குப் புரியவில்லை. பெல்ட் பேசியது புரிந்தது. நான்காவது அடியோடு அவர் பொத்தானை அழுத்தி நிறுத்தினார். ஓரத்து பெஞ்சில் இருந்த லெட்சுமியின் புருவத் தையலைப் பார்த்தார். பிறகு சின்னையாவிடம் திரும்பி, யாரிடம் 'அடி' என்று சொன்னாய் என்று மலாயில் கேட்டார்.

லெட்சுமியும் நிமிர்ந்து பார்த்தாள்.

"கெண்டாங்," என்றார் சின்னையா. மேளக்காரனிடம்தான்.

லெட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள்.

பிற்பகலில் அவளை விட்டார்கள். முருகையாவின் கட்டிலருகே ஒரு போலீஸ்காரரை உட்கார வைத்தார்கள். கேசட்டின் மேல் வழக்கு எண்ணை எழுதி ஓர் உறைக்குள் போட்டு ஒட்டினார்கள். எப்போது திருப்பித் தருவீர்கள் என்று சின்னையா கேட்டார். சார்ஜன் சிரித்தார். பிரதி எடுக்க மெஷின் இல்லை. செல்லனும் சாட்சிக்குக் கூப்பிடுவார்களோ என்று பயந்து தலைமறைவாகிவிட்டான். சின்னையாவின் ஒரே சுத்தமான பதிவு அரசாங்கச் சொத்தானது.

வாசலில் லெட்சுமி காத்திருந்தாள்.

"எனக்குச் சொல்லலியாண்ணே நீங்க?"

பொய் சொல்ல நல்ல சந்தர்ப்பம். "இல்ல லெட்சுமி. செல்லனுக்குச் சொன்னேன்."

"ஆறு வருசத்துல மொத தடவயா யாரோ நமக்காகப் பேசுறாங்கன்னு நெனச்சேன்."

"நான் ஹெட்போன் மாட்டியிருந்தேன். நீ கத்துனது நல்லாவே கேட்டுச்சு. பாட்டு கெட்டுப்போவுதேன்னுதான் இருந்துச்சு எனக்கு."

திட்டுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் பட்டது. அவள் அவருடைய வீங்கிய இடது கையைப் பார்த்தாள்.

"இத யாரு பண்ணா?"

"மண்டோரு ஆளுங்க. கேசட் கேட்டானுங்க."

"குடுத்திருக்கலாம்ல?"

அவள் சைக்கிளை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரி அந்தப் பக்கம் இருக்குண்ணே. நடங்க."

"அங்கதான முருகையா கெடக்கான்?"

"கெடக்கட்டும். நீங்க கட்டுப் போடணும்," என்று சொல்லிவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள்.