இத்தா வீட்டில் அழித்த பெயர்

தில்லையடியில் கம்ப்யூட்டர் திருத்தித் திருத்தி முதுகு போய்விட்டது, கண்ணும் போகிறது. தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் மதர்போர்ட், ஹார்ட் டிஸ்க் என்று பெரிய கேள்விகளாகக் கேட்கிறார்கள். என்னைக் கவிழ்த்தது வெறும் லொகின் ஸ்கிரீன். ஐந்து நிமிட வேலை.

ஆலங்குடாவில் ஒரு வீடு. வெள்ளைக்காரர்களுக்கு இரண்டு அறை வாடகைக்கு விட்டு வந்தவர் மௌத்தாகி மூன்று வாரம் ஆகியிருந்தது. மனைவி இத்தாவில், கணவனை இழந்தவர் தனித்திருக்கும் காலத்தில், இருந்தார். நாலு மாதம் பத்து நாள் அந்நிய ஆண்கள் முன்னால் வரமாட்டார். உள்ளறை வாசலில் சீலைத் திரை. வெளியே கம்ப்யூட்டர், நான், மனைவியின் மூத்த சகோதரர்.

"தொறந்தா மச்சான்ட பேரும் போட்டோவும் வருது. தங்கச்சி பாத்துப் பாத்து அழுவுது. பாஸ்வேர்டும் ஆருக்கும் தெரியா. அத எடுத்துட்டு நேரா உள்ள போறமாதிரி செஞ்சி தாங்க" என்றார்.

எக்கவுண்டை வைத்துக்கொண்டே படத்தையும் பாஸ்வேர்டையும் மட்டும் எடுத்திருக்கலாம். அது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் அன்று அது மூன்றாவது வீடு, பசி வேறு. பென் டிரைவால் உள்ளே நுழைந்து 'ஹோம்' என்று புது எக்கவுண்ட் போட்டேன். பழையதை அழிக்கும்போது, பைல்களையும் அழிக்கவா என்று மெசின் கேட்டது. நான் சகோதரரைப் பார்த்தேன்.

"மௌத்தானவர்ட பைல் இனி என்னத்துக்கு? அழிங்க."

அழித்தேன். பையை மூடும்போது திரைக்குள்ளிருந்து அண்ணனைக் கூப்பிடும் குரல் வந்தது.

"நானா, அவர்ட புக்கிங் லிஸ்ட் அதுக்குள்ளதானே இரிக்கி? அடுத்த மாசம் ஆர் ஆர் வாறாங்கண்டு பாக்கணும். ரூம இனி நான்தான் நடத்தப்போறன்."

சகோதரர் தரையைப் பார்த்தார். மெசினைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய் இரண்டு நாள் ரிகவரி ஓடவிட்டேன். ஒன்றும் வரவில்லை. மூன்றாம் நாள் போய்த் திரைக்கு முன்னால் நின்றேன்.

"தங்கச்சி, என்ட பிழதான். மன்னிச்சிக்கொள்ளுங்க."



"என்னய ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே நானா. நடுவில சீலதானே இருந்திச்சி."

வெட்கம் பிடுங்கித் தின்றது. இத்தாப் பெண்ணிடம் பேசக்கூடாது என்று மரியாதைக்கு ஒதுங்கியதாக நினைத்திருந்தேன். அவசியமான பேச்சுக்கு மார்க்கத்தில் தடையே இல்லை. எனக்குத்தான் சோம்பல். அடுத்த மாதம் ஒரே நாளில் இரண்டு கூட்டம் பெட்டியோடு வந்து இறங்கியதாம். ஒரு கூட்டத்தை வேறு இடத்துக்கு அனுப்பினார்களாம்.

இத்தா முடிந்த வாரம் ஒரு திரீவீலர் கடை வாசலில் நின்றது. கறுப்பு அபாயாவில் ஒரு பெண் இறங்கினார். மெசினைக் கண்டதும் யாரென்று விளங்கியது.

"இந்த ஹோம எடுங்க நானா. எனக்கு லொகின் ஸ்கிரீன் வேணும், பாஸ்வேர்டும் வேணும். புக்கிங் எல்லாம் திரும்ப எழுதிட்டு வாறன். கண்டவங்களும் உள்ள போகக் கூடா."

"ஓம் தங்கச்சி" என்று புது எக்கவுண்டைத் திறந்தேன். பெயர்க் கட்டத்தில் கை நின்றுவிட்டது. அந்த வீட்டுக்கு இரண்டு தடவை போயும் அவர் பெயரைக் கேட்டதில்லை!

"என்ன பேர் போட?" என்றேன். முதல் நாளே திரைக்கு முன்னால் நின்று கேட்டிருக்க வேண்டியது.

"நிஹாரா" என்றார்.