மேற்படி சாட்சி

என் பிழைப்பே சாட்சி சொல்வதுதான். பத்திர ஆபீசுக்கு எதிரே ஒரு பத்திர எழுத்தரிடம் பதினாறு வருடமாக டைப் அடிக்கிறேன். நிலம் வாங்க, மனை விற்க என்று வருகிறவர்களுக்குப் பத்திரத்தின் கடைசியில் இரண்டு சாட்சி வேண்டும். ஒருவரைக் கையோடு கூட்டி வந்திருப்பார்கள். இன்னொருவர் "தோ வந்துட்டேன்" என்று போனில் சொல்லிவிட்டுக் கரும்பு வெட்டப் போயிருப்பார். அப்போது எங்கள் முதலாளி கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்ப்பார். நான் பேனாவை எடுப்பேன். சாட்சிக்காரன் காலில் விழுவதைவிடச் சண்டைக்காரன் காலில் விழுவது மேல் என்பார்கள். என் காலில் இதுவரை யாரும் விழுந்ததில்லை. ஒரு டீ, ஒரு வடை, அதோடு சரி.

ஞாயிற்றுக்கிழமையில் நான் வேறு ஆள். எங்கள் சபையில் சண்டே ஸ்கூல் வாத்தியார் நான்தான். மற்ற வீட்டுப் பிள்ளைகள் ஒன்பது பேரும் நான் சொன்னதை அப்படியே ஒப்பிப்பார்கள். என் ஒரே மகள், ஐந்தாம் வகுப்பு படிக்கிறவள், கேள்வி கேட்பாள். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு டிராக்டர் ஓட்டுகிற என் மச்சான் இதற்கென்றே ஒரு சொல் வைத்திருக்கிறான்: "ஆலையில வேல பாக்கறவன் வூட்டு டீயிலதான் மாமா சக்கர கம்மி."

எங்கள் வீட்டில் தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம் உண்டு. ஜெபிக்கிறவள் என் மனைவி. அவள் முதலில் தன் பிறந்த வீட்டிலிருந்து தொடங்குவாள். பிறகு என் பக்கத்து உறவு, பக்கத்து வீட்டு மாடு, முழுப் பரீட்சை, முதலமைச்சர், சங்கராபுரம் பஸ்ஸில் போகிறவர் வருகிறவர் என்று ஒருவரையும் விடமாட்டாள். எனக்கு அவளுடைய சின்ன மாமா குடும்பம் வரும்போது கண் சொருகும். ஆனால் ஆமெனுக்குச் சரியாக விழித்துக்கொள்வேன். அது பல வருடப் பழக்கத்தில் வந்த திறமை. எல்லோரும் கண்ணை மூடியிருக்கிற இடத்தில் ஒருவன் தூங்குவது யாருக்குத் தெரியப்போகிறது என்று நிம்மதியாக இருந்தேன்.

போன வருடம் சிறுவர் ஞாயிறை மலையில் வைக்கலாம் என்று போதகர் முடிவு செய்தார். கரியாலூருக்கு அப்பால் தகரக் கூரை போட்ட சின்னக் கூடம் ஒன்றில் எங்கள் சபையின் கிளை நடக்கிறது. "பிரதர், ஒவ்வொரு பிள்ளையும் ரெண்டு நிமிஷம் சாட்சி சொல்லணும். மலை ஜனங்க கேட்டுத் தெடப்படணும்" என்றார். கடவுள் தன் வாழ்க்கையில் என்ன செய்தார் என்று சபை நடுவே எழுந்து சொல்வதற்குத்தான் எங்களிடம் சாட்சி என்று பெயர்.

வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். ஒரு பிள்ளை எழுந்து, "எங்க கோழி காணாமப் பூட்ச்சி சார். அப்பறம் வந்துட்ச்சி" என்றது.

"ஜெபம் பண்ணியா?"

"இல்ல சார். அதுவா வந்துட்ச்சி."

இதை வைத்துக்கொண்டு மலை ஜனங்களை எப்படித் திடப்படுத்துவது? என் கைக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். சாப்பாட்டு நேரத்தில் கடைக் கம்ப்யூட்டரில் ஒரு பழைய கிரயப் பத்திரத்தைத் திறந்து, அதன் மேலேயே சாட்சியை அடித்தேன். எனக்கு நோய் வந்தது, என் பெற்றோர் இரவும் பகலும் ஜெபித்தார்கள், கர்த்தர் சுகம் தந்தார். பத்திரத்தில் பெயரையும் நான்கெல்லையையும் மாற்றுவது போல ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவருக்கு மஞ்சள் காமாலை, ஒருவருக்குக் கை முறிவு என்று மாற்றிக்கொண்டே போனேன். என் மகளையும் சேர்த்துப் பத்துப் பிள்ளைக்கும் அரை மணி நேரத்தில் பத்துச் சாட்சி தயார்.

என் மகளுக்கு டெங்கு கொடுத்திருந்தேன். அதுமட்டும் நிஜம், அதற்கு முந்தின வருடம் அவளுக்கு வந்திருந்தது. அவள் தாளை வாங்கி இரண்டு முறை படித்தாள்.

"இத நான் சொல்லமாட்டேன்ப்பா."

"ஏன், எழுத்து கஷ்டமா இருக்குதா?"

"நான் பாக்கலியே. பாக்காம எப்டி சாட்சி சொல்றது?"

"சாட்சின்னா அப்டித்தான்மா. விசுவாசத்துல சொல்றது."

"பள்ளிக்கூட லீவுல உன் கடைக்கு வந்தேன் இல்ல? பச்சை சட்டை போட்ட ஒருத்தருக்கு சாட்சி கையெழுத்து போட்ட. இவர உனக்குத் தெரியுமான்னு கேட்டேன். தெரியாதுன்ன."

"அது வேற சாட்சி, இது வேற சாட்சி!"

"ரெண்டும் பாக்காததுதான?"

அடுப்படியிலிருந்து என் மனைவி, "வக்கீலுக்குப் படிக்க வெச்சிடலாங்க, பொழச்சிக்கும்" என்றாள்.

நான் சிரிக்கவில்லை. எனக்கு முதலில் வந்தது மானப் பயம். வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு என்று ஊர் சொல்லும். வாத்தியார் மகள் மட்டும் சாட்சி சொல்லாமல் உட்கார்ந்தால் சபை என்ன சொல்லும்? அதற்கு அடியில் இன்னொரு பயம் இருந்தது. பத்து வயதில் "நான் பாக்கல" என்கிறவள், இருபது வயதில் "நான் நம்பல" என்றால்? ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் விசுவாசம் ஊட்டியவன் வீட்டில் தட்டு காலி. அந்த இரண்டு வாரமும் நான் அவளிடம் கெஞ்சினேன், மிரட்டினேன், பரோட்டா வாங்கிக் கொடுத்தேன். அவள் பரோட்டாவைத் தின்றாள். தாளைத் தொடவில்லை.

சிறுவர் ஞாயிறு அன்று வேனில் மலை ஏறினோம். ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு பிள்ளை வாந்தி எடுத்தது. கூடத்தில் மலை ஜனங்கள் பாய் விரித்துக் காத்திருந்தார்கள். அவர்களில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாதான் மதியச் சாப்பாட்டுக்குப் பொறுப்பு. அந்த அம்மாவின் கண் பிள்ளைகள் மேல் இருந்ததைவிட வெளியே கொதிக்கிற சாம்பாரில்தான் அதிகம் இருந்தது.

சாட்சிகள் நன்றாகவே தொடங்கின. காய்ச்சல் போனது, கை கூடியது, சபை அல்லேலூயா சொன்னது. நான்காவதாக ஆட்டோக்காரர் மகள் எழுந்து தாளைப் பார்த்துக் கணீரென்று படித்தாள்:

"எனக்கு மஞ்சள் காமாலை வந்தது. மேற்படி மஞ்சள் காமாலையிலிருந்து மேற்படி கர்த்தர் என்னை விடுவித்தார். இதில் எவ்வித வில்லங்கமும் இல்லையென்று உறுதி கூறுகிறேன்."

ஒன்பது தாளில் பழைய பத்திரத்து வரிகளை அழித்தவன், இவள் தாளில் மட்டும் விட்டுவிட்டேன். ஆனால் சபைக்கு ஒரு குறையும் தெரியவில்லை. இவ்வளவு கௌரவமான தமிழில் இதற்கு முன் யாரும் அங்கே சாட்சி சொல்லியிருக்கமாட்டார்கள். எல்லாவற்றையும்விட அதற்குத்தான் அல்லேலூயா பலமாக வந்தது. பட்டாவுக்கு அலைந்துகொண்டிருந்த ஒருவர், வில்லங்கம் இல்லை என்ற சொல்லைக் கேட்டதும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கடைசியில் என் மகள் முறை. எழமாட்டாள் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டேன். எழுந்துவிட்டாள். கையில் தாள் இல்லை.

"எல்லாருக்கும் தோத்திரம். எனக்கு டெங்கு வந்துச்சி. அப்பா அம்மா ரெண்டு பேரும் ராவும் பகலுமா ஜெபம் பண்ணாங்கன்னு அப்பா எழுதிக் குடுத்தாரு. நான் பாத்தது வேற. அம்மா ஜெபம் பண்ணாங்க. அப்பா பண்ணல. அவருக்கு ஜெபத்துல தூக்கம் வந்துடும். தெனமும் வந்துடும்."

கூடத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். போதகர் தொண்டையைச் செருமினார். அவள் நிறுத்தவில்லை.

"ஆனா ஆஸ்பத்திரியில நான் கண்ணத் தொறக்கும்போதெல்லாம் அப்பா முழிச்சிக்கினுதான் இருந்தாரு. அத பாத்தேன். இயேசப்பாவ இன்னும் பாக்கல. பாத்தா வந்து சொல்றேன். ஆமென்."

அல்லேலூயா சொல்ல வேண்டிய இடமா என்று யாருக்கும் தெரியவில்லை. போதகருக்கும் தெரியவில்லை. சாம்பாரை மறந்து இந்தப் பக்கம் திரும்பியிருந்த அந்த அம்மாதான், "உள்ளத சொல்லிச்சிப்பா புள்ள" என்று சொல்லிவிட்டு, உரக்க ஓர் ஆமென் போட்டார். மற்றவர்கள் பின்னாலேயே சொன்னார்கள்.

சாப்பாடு முடிந்து அவர் எனக்கு டீ கொண்டுவந்தார். குடித்து வைத்ததும் இன்னொரு டம்ளரை நீட்டினார்.

"போதும்மா."

"குடிங்க வாத்தியாரே. இன்னும் முடிவு ஜெபம் இருக்குது இல்ல?"

இறங்கும்போது வேனில் போதகர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். அடிவாரம் வந்ததும் என் பக்கம் திரும்பி, "பிரதர், அடுத்த வருஷம் பாட்டு மட்டும் வெச்சிக்கலாம்" என்றார்.

மறுநாள் கடையில் வழக்கம்போல ஒருவருக்கு ஒரு சாட்சி குறைந்தது. முதலாளி கண்ணாடிக்கு மேலே பார்த்தார். நான் பேனாவை எடுக்காமல், "அண்ணே, நீங்க எந்த ஊரு? இன்னா பண்றீங்க?" என்று வந்தவரைக் கேட்டேன்.

முதலாளி, "இன்னாய்யா, சம்பந்தம் பேசப் போறியா? கையெழுத்தப் போடு" என்றார்.

போட்டேன். மனம் திரும்பிவிட்டேன் என்று இங்கே எழுதினால் அதற்கும் சாட்சி கேட்பாள் ஒருத்தி. ஆனால் அந்த ஆளுக்கு மூன்று பெண் பிள்ளைகள், கிணறு வற்றிப்போய் நிலத்தை விற்கிறார் என்பது மட்டும் தெரிந்துகொண்டு போட்டேன்.

அன்று சாயங்காலம் ஏழு மணிக்கு முழங்கால் போட்டோம். மனைவி பிறந்த வீட்டிலிருந்து தொடங்கினாள். பழக்க தோஷம், என் கண் சொருகப் பார்த்தது. அப்போது யாரோ என்னையே பார்ப்பது போலிருந்தது. இமையைக் கொஞ்சம் தூக்கினேன். எதிரே கைகளைக் கூப்பியபடி, இரண்டு கண்ணையும் அகலத் திறந்து வைத்துக்கொண்டு என் மகள்.

"ஜெபத்துல இன்னாத்துக்குக் கண்ணத் தொறந்துக்கினு இருக்கற?" என்று மெல்லக் கடிந்தேன்.

"பாத்தாத்தானப்பா சாட்சி சொல்ல முடியும்?"

நான் முதுகை நிமிர்த்திக்கொண்டேன். மனைவி அப்போதுதான் சின்ன மாமா குடும்பத்துக்கு வந்திருந்தாள். ஆமென் வர வெகுதூரம் இருந்தது.