சிறுத்தைக்குப் புள்ளி வந்த விதம்

சிந்தாமணி சிறுத்தையைப் பார்த்துவிட்டாள் என்ற செய்தி, ஊர் காலை டீயைக் குடித்து முடிப்பதற்குள் குன்னத்தைத் தாண்டிவிட்டது. பள்ளிக்கூடத்தைப் பூட்டிப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினார்கள். கொல்லை வேலைக்குப் போன பெண்கள் பாதி வழியில் திரும்பினார்கள். முதலில் வந்தவன் யூடியூப் சேனல் நடத்தும் ராஜேஷ். பிறகு வனத்துறை ஜீப். மதியத்துக்குள் திருச்சியிலிருந்து இரண்டு டிவிக்காரர்கள்.

அன்று சிந்தாமணி பேசிய பேச்சு கொஞ்சம் இல்லை. அவள் சும்மா இருக்கத் தெரியாதவள். ஆண்டிமடத்தில் முந்திரித் தோப்பில் கொட்டை பொறுக்கி வளர்ந்து, வாழ்க்கைப்பட்டு பெரம்பலூர்ப் பக்கம் வந்து, இருபது வருடங்களுக்கு மேலாகப் பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம் என்று கூலி வேலை செய்கிறவள். களை வெட்டும்போது அவள் இருக்கும் வரிசையில்தான் எல்லாரும் நிற்க விரும்புவார்கள். நேரம் போவது தெரியாது. அவள் வாயில் ஒரு சாதாரணச் சங்கதி நுழைந்தால் கை கால் முளைத்துத்தான் வெளியே வரும்.

அவள் பார்த்ததாகச் சொன்ன ஓடையோரம் வனத்துறை கேமரா கட்டியது. ஒரு வாரம் கழித்து அதில் விழுந்திருந்தவை: இரண்டு நாய்கள், ஒரு முயல், சொம்போடு போகிற சிந்தாமணியின் கணவர் செல்லமுத்து. ஊர் சிரித்தது. அதற்குப் பிறகு அவள் எந்த வரிசையில் நின்றாலும் யாராவது ஒருத்தி, "பாத்து வெட்டுடி, சிறுத்த வந்துரப் போவுது" என்றாள்.

கேலி அவளைத் தைக்கவில்லை. அவளைத் தூங்கவிடாமல் செய்தது வளர்மதியின் போன்தான்.

வளர்மதி பெரம்பலூரில் வக்கீல். பிரவீணாவுக்காக வாதாடுகிறவர். பிரவீணாவின் கணவன் தமிழழகன் அரியலூரில் ஒரு மோட்டார் பம்பு கடையில் வேலை பார்த்தவன். போன மார்கழியில் ஒரு நாள் காலை பைக்கில் வேலைக்குப் போனவன், சுண்ணாம்புக்கல் லாரியில் அடிபட்டுச் செத்தான். அவன்தான் ராங் சைடில் வந்து விழுந்தான் என்று லாரி டிரைவர் எழுதிக் கொடுத்தார். போலீஸ் வந்தபோது லாரி அதன் பக்கத்தில் ஒழுங்காக நின்றது. அதுவே பதிவாகிவிட்டது. பிரவீணாவின் பெண்ணிடம் பள்ளிக்கூடத்தில் ஒருத்தி, "ஒங்கப்பா ராங் சைடுல போயி செத்தாருதான" என்று கேட்டிருக்கிறாள். பிரவீணா வழக்கு போட்டதற்கு இழப்பீடு ஒரு காரணம் என்றால், அந்தக் கேள்வி இன்னொரு காரணம்.

அந்த வழக்கில் நேரில் பார்த்த சாட்சி ஒருத்திதான். சிந்தாமணி.

"டிவியில பேசுனது நீங்கதானாமே," என்றார் வளர்மதி போனில். "எதிர்த்தரப்பு வக்கீல் அத விடமாட்டாரு. கேட்டா, அது நாய்தான், இருட்டுல தப்பாத் தெரிஞ்சிருச்சுன்னு சொல்லிருங்க. முடிஞ்சுது."

"நாயின்னும் எனக்குத் தெரியாதே மேடம்."

"அப்ப சிறுத்தையா?"

சிந்தாமணி பேச்சை முடிக்காமலே போனை வைத்துவிட்டாள். அவள் வாழ்க்கையில் அது அடிக்கடி நடக்கிற விஷயம் இல்லை.

செல்லமுத்து கயிற்றுக் கட்டிலில் படுத்துக்கொண்டு அந்த வீடியோக்களை மறுபடி மறுபடி பார்ப்பவர். மனைவி டிவியில் வந்ததில் அவருக்கு ஒரு பெருமை, அதைவிடப் பெரிய வேடிக்கை.

"ஒன் சிறுத்த நாளு போவப் போவ வளருது, கவனிச்சியா?" என்றார். "ராஜேஷ் எடுத்ததுல வாலு மட்டுந்தான் இருக்கு. நாய விடப் பெருசா ஒண்ணு போச்சு, வாலு நீளம். அவ்ளோதான் சொல்ற. அடுத்தவன் வந்து புள்ளி இருந்துச்சாம்மான்னு கேக்குறான். ம்ங்கிற. மூணாவது ஆளு வர்றதுக்குள்ள அது நின்னு ஒன்னைத் திரும்பிப் பாத்து உறுமிருச்சு."

"குடு அத."

போனைப் பிடுங்கி அவளே பார்த்தாள். முதலாவது, இரண்டாவது, மூன்றாவது. மறுபடி முதலாவது. தான் பொய் சொன்னதாக அவளுக்குத் தோன்றவில்லை. கண்ணை மூடினால் இப்போது புள்ளி தெரிந்தது. மஞ்சள் தோலில் கறுப்புப் புள்ளி, தெளிவாக. ஆனால் ராஜேஷ் கேட்டபோது, பார்த்து ஒரு மணி நேரம்கூட ஆகாதபோது, அவள் வாயில் புள்ளி இல்லை. கேட்டவன் கொடுத்துவிட்டுப் போன புள்ளி அது. அவள் அதை வாங்கித் தன் கண்ணுக்குள் வைத்துக்கொண்டிருக்கிறாள்.

அப்படியானால் லாரி?

அந்தக் கேள்வி வந்த பிறகு அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. உலையில் அரிசி போட்டுவிட்டு வாசலுக்கு வந்தாள், வாசலிலிருந்து அடுப்புக்குப் போனாள். லாரி பைக்கில் மோதியதை ஒரு வருடமாக எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாள். பைக் தூக்கி எறியப்பட்டது, அவன் அந்தரத்தில் ஒரு சுற்று சுற்றியது. கண்ணை மூடினால் அதுவும் தெரிகிறது. புள்ளி தெரிகிற மாதிரியே தெரிகிறது.

மறுநாள் செல்லமுத்துவை மொபெட்டோடு விபத்து நடந்த இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். இந்த வருடமும் அங்கே மக்காச்சோளம்தான், அதே மார்கழிப் பருவம், ஆளுயரத்துக்கு மேல் நின்றது. அரியலூர் போகிறவனுக்கு அந்தக் கொல்லை இடது பக்கம். அன்று ஆட்டுக்குப் புல் அறுத்த இடத்தைத் தேடி உள்ளே போய்க் குந்தினாள். அவர் ரோட்டில் ஓட்டிக்கொண்டு போனார்.

"பாத்தியா?" என்று வெளியிலிருந்து கத்தினார்.

"எந்தப் பக்கமாப் போன?"

"அத நீதான் சொல்லணும்."

மறுபடி ஓட்டச் சொன்னாள். எழுந்து நின்று பார்த்தாள். இலையும் வானமும்தான். மொபெட் சத்தம் வலமா இடமா என்றுகூடப் பிடிபடவில்லை.

வரப்புக்கு வந்தவளைப் பார்த்து அவர், "நான் போயிப் போயி வந்ததுல பெட்ரோல்தான் தீந்துச்சு. நீ இங்கேருந்து ஒண்ணும் பாத்திருக்க முடியாது போலருக்கே" என்றார்.

"பாக்கலய்யா. சத்தங் கேட்டு ஓடியாந்தேன்."

"அப்பறம் ஏன் பாத்தேன்னு சொன்ன?"

அது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. காரியத்தன்று பிரவீணா அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீங்க பாத்தீங்களாமேக்கா, எங்க வூட்டுக்காரு மேல தப்பு இல்லதான" என்று கேட்டாள். பார்த்தேன் என்றாள். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு வேறு என்ன சொல்லியிருக்க முடியும் என்று அவளுக்கு இப்போதும் தெரியவில்லை.

மோதியது போனால் மிச்சம் என்ன? வெளியே ஓடி வந்ததும் காலில் தட்டிய ஹெல்மெட். திறந்து கிடந்த டிபன் பாக்ஸ், புல்லில் எலுமிச்சைச் சோறு. அவனுக்குத் தண்ணீர் கொடுக்க அவள் ரோட்டைத் தாண்டவே இல்லை. அவன் போக வேண்டிய இந்தப் பக்கமே கிடந்தான். எதிர்ப்பக்கம் போக வேண்டிய லாரியின் முன்சக்கரம் இந்த வரப்பு மண்ணில் இறங்கி நின்றது. பிறகுதான் டிரைவர் ரிவர்ஸ் எடுத்துத் தன் பக்கத்துக்குக் கொண்டு போனார். ஆனால் இதில் எது பார்த்தது, எது ஒட்டிக்கொண்டது? தன்னைத் தானே கேட்டு இதற்குப் பதில் வாங்க முடியாது என்று அவளுக்குப் புரிந்தது.

அம்மாக்கண்ணுவிடம் போனாள். அடுத்த தெரு, ஒரே கூட்டத்தில் வேலைக்குப் போகிறவர்கள். சித்திரையில் ஒரு கோழி விஷயமாகச் சண்டை வந்ததிலிருந்து தேவைக்கு மட்டும் பேச்சு. ஆனால் விபத்து நடந்த அன்று சாயங்காலம் குழாயடியில் சிந்தாமணி முதன்முதலாகச் சொன்னது அவளிடம்தான்.

"அன்னிக்கு நான் என்ன சொன்னேன்?"

"ஏன், ஒனக்கே தெரியாதா?"

"நீ சொல்லு."

அம்மாக்கண்ணு குடத்தை இறக்கி வைத்தாள். "கொல்லையிலேருந்து ஓடியாந்தேன், அந்தப் புள்ள கெடந்துச்சு, லாரி நம்ப வரப்பு மேல ஏறி நின்னுச்சு, அவன் பின்னால எடுத்துட்டுப் போயிட்டான்னு சொன்ன. மோதுனதப் பாத்தேங்கிறதெல்லாம் காரியத்துக்கு அப்பறம் வந்துச்சு. எனக்கு அப்பவே தெரியும். நமக்கெதுக்குன்னு இருந்துட்டேன்."

சிந்தாமணிக்கு அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது. கோழி ஞாபகம் வந்து நின்றுகொண்டாள்.

வழக்கு நாளன்று பெரம்பலூர் பஸ்ஸில் பிரவீணா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். சிந்தாமணி சொல்லி முடிக்கும்வரை வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க பாத்தேன்னு சொன்னத நம்பித்தானக்கா நான் கோர்ட்டுக்கே வந்தேன்."

"மோதுனதத்தான் பாக்கல. மத்ததப் பாத்தேன்."

"இப்ப வந்து பாக்கலன்னா அவங்க என்ன சொல்லுவாங்க? எல்லாமே பொய்யிம்பாங்க. எம் பொண்ணுகிட்ட நான் என்ன சொல்றது?"

சிந்தாமணி முன்சீட்டுக் கம்பியைப் பிடிப்பதும் விடுவதுமாக இருந்தாள்.

நீதிமன்ற வராந்தாவில் வளர்மதி கேட்டுவிட்டு, கேஸ் கட்டை மூடினார், திறந்தார். "சரி. பாத்தத மட்டும் சொல்லுங்க. கேள்விய நான் மாத்திக்கிறேன்."

சிந்தாமணி கூண்டில் ஏறியதும் வளர்மதி கேட்ட முதல் கேள்வியே இதுதான். "லாரி மோதியதைப் பார்த்தீர்களா?"

"பாக்கலைங்க. நான் மக்காச்சோளத்துக்குள்ள இருந்தேன். அங்கேருந்து ரோடு தெரியாதுங்க."

எதிர்த்தரப்பு வக்கீல் கையில் பெரிய போட்டோ ஒன்று இருந்தது. ரோட்டை மறைத்துக்கொண்டு நிற்கும் மக்காச்சோளம். பின் வரிசையில் இருந்த பிரவீணாவுக்கும் அது தெரிந்தது. அவர் அதை இனித் தேவையில்லை என்பதுபோல் மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தார்.

"ஐப்பசியில் சிறுத்தையைப் பார்த்ததாக டிவியில் சொன்னது நீங்கள்தானே?"

யாரோ சிரித்தார்கள்.

"நான்தான் சார்."

"பார்த்தீர்களா?"

"ஒரு உருவம் போச்சு. வாலு பாத்தேன். புள்ளி பாக்கல. புள்ளி அவங்க கேட்டாங்க, நான் சேத்துக்கிட்டேன்."

"அப்படியானால் லாரி விஷயத்திலும் சேர்த்திருக்கலாம் இல்லையா?"

"சேத்திருந்தேன் சார். மோதுனதப் பாத்தேன்னு ஒரு வருசமா சொல்லிட்டுத் திரிஞ்சேன். அத இப்ப எடுத்துட்டேன்."

"சக்கரம் வரப்பில் நின்றது மட்டும் சேர்த்தது இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?"

கூண்டுக் கட்டையில் அவள் விரல்கள் தாளம் போட்டன.

"அத அன்னிக்கு சாயங்காலமே சொல்லிட்டேன். யாரும் எங்கிட்ட எதுவும் கேக்குறதுக்கு முன்னாடி."

"யாரிடம்?"

"அம்மாக்கண்ணுன்னு. எங்க ஊருதான்."

"உங்கள் தோழியா?"

"இல்ல சார். எங்களுக்கு ஆவாது."

நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். வளர்மதி அந்தப் பெயரைக் குறித்துக்கொண்டு, அம்மாக்கண்ணுவையும் சாட்சியாக விசாரிக்க அனுமதி கேட்டார். பொங்கல் கழித்து ஒரு தேதி விழுந்தது.

திரும்பும் பஸ்ஸில் பிரவீணா வேறு சீட்டில் உட்கார்ந்தாள். பாதி வழியில் எழுந்து வந்து, "அந்த போட்டோவ அவரு காட்டவே இல்லக்கா" என்றாள். "ஆமா," என்றாள் சிந்தாமணி. அவ்வளவுதான் பேசினார்கள்.

இப்போது எல்லாம் அம்மாக்கண்ணு கையில். பருத்தி எடுப்பு தொடங்கிவிட்டது. இருவரும் அடுத்தடுத்த வரிசை. அவளுக்கு ஞாபகம் இருக்குமா, கோழியை மனதில் வைத்து மாற்றிச் சொல்வாளா, பயந்து உளறுவாளா என்று சிந்தாமணிக்குக் கை ஓடவில்லை. ஒரே ஒரு தடவை கேட்டுச் சரிபார்த்துக்கொண்டால் போதும். அல்லது, விட்டுப்போனதை எடுத்துக் கொடுத்தால் போதும்.

"கோர்ட்டுல நான் என்னடி சொல்லணும்?" என்று அம்மாக்கண்ணுவே ஒரு நாள் கேட்டாள். "அன்னிக்கு நீ கொல்லையிலேருந்து..."

"எங்கிட்ட சொல்லாத."

"ஏன்டி, சரியான்னு கேக்கத்தான..."

"எங்கிட்ட கேக்கவும் செய்யாத. தேதி முடியிற வரைக்கும் எங்கூடப் பேசாத."

பாதி நிறைந்த பருத்தி மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, சிந்தாமணி கொல்லையின் மறுகோடிக்கு வேகமாக நடந்தாள். அங்கே நின்றவர்கள் அவள் ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தார்கள். அவள் குனிந்து பருத்தி எடுத்தாள்.