கஞ்சி போட்ட இறக்கை

ஆகாய விமானத்துக்குக் கஞ்சி காய்ச்சியவள் இந்த ஜில்லாவில் என்னைத் தவிர வேறு யாராவது இருந்தால் வரச் சொல்லுங்கள், பார்க்கிறேன். பதம் பார்த்தது அம்மாதான், அதை மறைக்கவில்லை. ஆனால் துடுப்பைப் பிடித்துக் கிளறியது நான். மூன்று அண்டாக் கஞ்சி, அதில் ஒரு கட்டி கிடையாது. அப்போது எனக்கு ஒன்பது வயது. நாட்டை வெள்ளைக்காரன் ஆண்டுகொண்டிருந்தான். ராசிபுரத்துக்கும் வெண்ணந்தூருக்கும் நடுவில் எங்கள் ஊர்.

விமானம் செய்தவர் என் தாய்மாமன், அம்மாவுக்கு ஒரே தம்பி. பெற்றவர்கள் இரண்டு பேரையும் ஒரே கோடையில் காலரா கொண்டுபோய்விட்டது. அம்மா கல்யாணமாகி வரும்போது சீரோடு சீராகத் தம்பியையும் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள் என்று ஊரில் சொல்வார்கள். அம்மாவுக்குப் பிறந்த வீடு என்று ஒன்று இருந்ததென்றால் அது மாமன்தான். அவர் இல்லாவிட்டால் அவளுக்குப் போக வாசலும் கிடையாது, வர ஆளும் கிடையாது.

மாமன் சேலத்தில் ஒரு பஸ் பட்டறையில் பிட்டராக இருந்தார். ஏற்காட்டுத் தோட்டத்துத் துரை ஒருவர் மோட்டார் சைக்கிளோடு மலைப் பாதையில் உருண்டு, எழுந்து, இனி அந்த வண்டியை என் கண்ணில் காட்டாதே என்று பட்டறையில் தள்ளிவிட்டுப் போனார். வண்டிதான் நொறுங்கியிருந்தது, எஞ்சின் நன்றாக இருந்தது. கூடவே துரை ஓர் இங்கிலீஷ் பத்திரிகையும் கொடுத்தார். சீமையில் யாரோ ஒருவர் தம் வீட்டுக் கொட்டகையிலேயே செய்த சின்ன விமானத்தின் படம் அதில் அளவுகளோடு போட்டிருந்தது. மாமனுக்கு இங்கிலீஷ் தெரியாது. அளவு தெரியும். தெரியாத இடத்தைப் பள்ளிக்கூடத்து வாத்தியார் படித்துச் சொன்னார்.

மாசி மாதம் எங்கள் களத்தில் ஓலைப் பந்தல் போட்டு வேலை தொடங்கியது. கொல்லிமலை மூங்கிலைப் பிளந்து இறக்கைக்கு விலா எலும்புகள் வளைத்தார்கள். முன்னால் சுற்றுகிற காற்றாடியை எங்கள் ஊர் ஆசாரி வேங்கைக் கட்டையில் செதுக்கினார். நடுவில் ஒரு கம்பியைச் செருகித் தொங்கவிட்டால் எந்தப் பக்கமும் தாழாமல் நிற்க வேண்டும். தாழ்ந்த பக்கத்தில் ஓர் இழைப்பு இழைப்பார், தொங்கவிடுவார், தலையைச் சொறிவார். மூன்று நாள் இதுவே வேலை. சைக்கிள் சக்கரம் இரண்டு, பிரம்பு நாற்காலியின் அடிப்பாகம் ஒன்று, வால் பலகையை அசைக்கச் சைக்கிள் பிரேக் கம்பி. உட்காருகிற இடத்துக்கு முன்னால் ஒரு சீசாவைப் படுக்க வைத்துக் கட்டி, பாதிக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றி அடைத்தார். தண்ணீர் ஒரு பக்கம் சாய்ந்தால் விமானமும் சாய்கிறது என்று அர்த்தம். மூக்கில் ஒரு முழ நூல் கட்டியிருந்தது. காற்று நேராக வருகிறதா, விலாவில் அடிக்கிறதா என்று அது சொல்லும்.

முன்பாரம் பின்பாரம் பார்த்த நாளை நான் மறக்க மாட்டேன். கிணற்று வடத்தால் விமானத்தின் உடம்பை உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டார்கள். நாற்காலியில் மாமன் எடைக்கு நானும் கூடவே செங்கற்களும். மூக்கு கீழே கவிழ்ந்தது. பெட்ரோல் தகரத்தை ஒரு சாண் பின்னால் தள்ளிய பிறகு தராசுத் தட்டுப் போல நின்றது. ஆக, அதில் முதலில் ஏறி உட்கார்ந்தது யார் என்று கேட்டால் நான்தான்.

இறக்கைக்கு வெண்ணந்தூர்த் தறித் துணி. அம்மா கையால் தைத்தாள். அந்தத் துணியைப் பம்பைத் தோல்போல விறைப்பாக்க ஒரு வார்னிஷ் உண்டு, சென்னையிலிருந்து வரவேண்டும் என்று வாத்தியார் சொன்னார். எழுதிப் போட்டார்கள். வரவில்லை. சித்திரையும் முடியப் போகிறது. எங்கள் ஏரி காய்ந்து பாளம் பாளமாகக் கிடந்தது. விமானம் ஓடி எழும்ப அவ்வளவு நீளத்துக்கு மேடு பள்ளம் இல்லாத இடம் சுற்றுவட்டாரத்தில் வேறு இல்லை. ஒரு மழை விழுந்தால் அது சேறு, அப்புறம் அடுத்த வருஷம்தான். மாமன் ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு, தறியில் ஏற்றும் பாவு நூலுக்குக் கஞ்சி போடுகிற நெசவுக்காரர் ஒருவரைக் கூட்டிவந்தார்.

அப்படித்தான் மூன்று அண்டா. பூசிக் காயவைத்ததும் துணி சுண்டினால் டங் என்றது. ஊரே வந்து சுண்டிப் பார்த்தது. ஒரு வெள்ளாடும் வந்து வால் பலகையை ஒரு முழத்துக்கு நக்கித் தின்றுவிட்டுப் போனது. அங்கே மட்டும் மறுபடி பூசினோம்.

ஒரே ஒரு குறை. தண்ணீர் ஆகாது. "ஒரு சொட்டு விழுந்தாலும் போச்சுங்க்கா, ரெக்கை பழந்துணியாத் தொங்கீரும்" என்று மாமன் அம்மாவிடம் நூறு தடவை சொல்லியிருப்பார். சாயங்காலம் ஆனால் ஈரம் படாமல் பாய் போட்டு மூடுவது அம்மா வேலை. ஒருநாள் மூடிக்கொண்டே கேட்டாள்.

"ஏண்டா தம்பி, இது மேல போனா எப்படி நிறுத்துவே?"

"கீழ எறங்கித்தானுங்க்கா நிறுத்தோணும்."

"எறங்கறதுக்கு எத்தன தடவ பழகியிருக்கறே?"

"இன்னும் ஏறவே இல்ல, எறங்க எங்க போயிப் பழகறது?"

ஆசாரி சிரித்தார். மாமனும் சிரித்தார். அம்மா பாயை இழுத்து இழுத்து மூடினாள். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் காரியம் நடந்திருக்காது. வெண்ணந்தூர்ச் சந்தையில் எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னால், ரெக்கை கட்டற ஊரா என்று கேட்கிற அளவுக்குப் பேச்சு பரவிவிட்டது. அத்தனை பேர் முன்னால் தம்பியைத் தலை குனிய வைக்க அவளால் முடியாது.

வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, நாலு எருதுகளைக் கட்டி விமானத்தை ஏரிக்குள் இழுத்துக்கொண்டு போனார்கள். கரைமேல் தலை தலையாக ஜனம். வேர்க்கடலைக்காரன்கூட வந்துவிட்டான். மாமன் துரை மாதிரி பூட்ஸ் போட்டு, தலையில் துண்டை இறுக்கிக் கட்டியிருந்தார்.

அப்போது பெரியப்பா கையை உயர்த்தினார். அப்பாவுக்கு மூத்தவர், ஊரில் அவர் சொல்தான். "கருப்பனார்கிட்ட உத்தரவு கேக்காம எப்படி உடறது?" என்றார்.

உத்தரவு கேட்பது எங்கள் பக்கத்தில் இப்படி. கிடாய் வெட்டும் முன் அதன்மேல் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். கிடாய் உடம்பைச் சிலிர்த்து உதற வேண்டும். அதைத் துளுக்குவது என்போம். துளுக்கினால் சாமி சம்மதித்துவிட்டது. துளுக்காவிட்டால் நாள் முழுக்க நின்றாலும் யாரும் கத்தியைத் தொடமாட்டார்கள்.

மாமன் பதறிப்போனார். "மச்சானுங்க, அது உசுரில்லாத மெசினுங்க. அதுமேல தண்ணி படவே கூடாதுங்க."

"கிடாய்க்குக் கேக்கறோம், உனக்குக் கேக்க வேண்டாமா? பூசாரி, நீ தெளி."

பூசாரி நல்ல மனுஷர். மாமன் முகத்தைப் பார்த்துவிட்டு, வேப்பிலையை நனைத்து, மூக்குப் பக்கம் இரும்பின்மேல் மட்டும் இரண்டு சொட்டுத் தெளித்தார். எல்லோரும் காத்திருந்தார்கள். விமானம் அசையவில்லை. மறுபடி இரண்டு சொட்டு. கூட்டத்தில் யாரோ, "கிடாய்க்குத் தூக்கம் தெளியலீங்கோ" என்றான். சிரிப்பு எழுந்து கரை வரைக்கும் போனது.

அம்மா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். பெரியப்பா இருக்கிற இடத்தில் அவள் முன்னால் வந்து நான் பார்த்ததே இல்லை. பூசாரியின் பக்கத்தில் இருந்த பித்தளைக் குடத்தைத் தூக்கினாள்.

"ரெண்டு சொட்டுக்கு ஆட்டுக்குட்டிகூடத் துளுக்காதுங்க" என்றாள். சொல்லிக்கொண்டே குடத்தை இடது இறக்கையின்மேல் கவிழ்த்தாள். நுனியிலிருந்து அடி வரைக்கும் நடந்து நடந்து, நிதானமாக, நாற்றுக்குத் தண்ணீர் விடுவதுபோல.

"அம்மா, ரெக்கை" என்று கத்தினேன்.

"சாமிக்கு ஊத்தறப்ப வாயைத் தொறக்காதே" என்றாள். என்னைப் பார்க்கவில்லை.

நான் காய்ச்சிய கஞ்சி வெள்ளையாக வழிந்து மண்ணில் இறங்கியது. துணி மெதுவாகத் தொய்ந்து, மூங்கில் விலாக்கள் ஒவ்வொன்றாக எண்ணும்படி தெரிந்தன. மாமன் அந்த இறக்கையைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். அவள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏரிக்கரையைப் பார்த்தபடி நின்றாள். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். அவரோ நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, ஆசாரியிடம் காற்றாடியைச் சுற்றச் சொன்னார்.

மூன்றாம் சுற்றில் எஞ்சின் பிடித்தது. விமானம் தலையிலிருந்து வால் வரைக்கும் உதறியது. இறக்கைத் தண்ணீர் முன்வரிசையில் நின்ற பெரியப்பா மீசையில் தெறித்தது. "துளுக்கீருச்சு, துளுக்கீருச்சு" என்று ஜனம் ஆர்ப்பரித்தது. பெரியப்பா மீசையைத் துடைத்துக்கொண்டு, ஆகட்டும் என்று தலையசைத்தார்.

ஏரி நீளத்துக்கு ஒருமுறை ஓடிப் போய்த் திரும்பி வந்தார். பஸ்ஸைவிட வேகம். புழுதி ஒரு சுவர்போல நின்றது. இரண்டாம் முறையும் அப்படியே. சக்கரம் காய்ந்த பாளங்களில் ஏறி இறங்கிக் கடகடவென்று சத்தம் போட்டது. ஜனத்துக்கு அதுவே போதும். தலைப்பாகைகளை வீசி எறிந்தார்கள். எனக்குப் போதாது. மூன்றாம் முறை அவர் அந்தக் கோடியில் திரும்பும்போது நான் கூட்டத்தை விட்டு ஓடிப் போய், அவர் வரும் வழிக்குப் பக்கமாகக் கன்னம் மண்ணில் படக் குப்புறப் படுத்துக்கொண்டேன். எழும்பினால் சக்கரத்துக்கு அடியில் வெளிச்சம் தெரிய வேண்டும் அல்லவா. நின்று பார்க்கிறவர்களுக்குப் புழுதிதான் தெரியும்.

வந்தார். இம்முறை எஞ்சின் சத்தம் வேறாக இருந்தது, இன்னும் கூர்மையாக. என் நேருக்கு வரும்போது கடகடப்பு சட்டென்று நின்றது. சக்கரத்துக்கு அடியில் எதிர்க்கரைப் பனைமரங்கள் தெரிந்தன. ஒரு முழம். சத்தியமாக ஒரு முழம். மூன்று கட்டை வண்டி நீளத்துக்கு அப்படியே போனது. பிறகு இடது பக்கம் தாழ்ந்தது. சக்கரம் மண்ணைத் தொட்டது. மறுபடி கடகடப்பு. இறக்கை நுனி தரையில் கோடு கிழித்துக்கொண்டு போய், அரைவட்டம் சுற்றி நின்றது.

எல்லோருக்கும் முன்னால் நான்தான் ஓடினேன். எனக்குப் பின்னால் அம்மா, இடுப்பில் காலிக் குடத்தோடு. அதை வைத்துவிட்டு வரவேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை போலும். மாமன் இறங்கி நின்று தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார். உடம்பில் ஒரு கீறல் இல்லை. முகத்தில் அப்படி ஒரு களை. அதற்கு முன்னும் பின்னும் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

"மாமா, எந்திரிச்சுது. ஒரு மொழம் எந்திரிச்சுது. நான் படுத்துக்கிட்டுப் பாத்தேன்."

அவர் வாயைத் திறந்தார். அதற்குள் அம்மா வந்து சேர்ந்துவிட்டாள். மூச்சு வாங்கிக்கொண்டு, அவர் கை, தோள், நெற்றி என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

"எங்க எந்திரிச்சுது கண்ணு?" என்றார் மாமன் என்னைப் பார்த்து. "தரையிலதான் ஓடுச்சு. ரெக்கைதான் நனஞ்சு போச்சே, எப்படி எந்திரிக்கும்?"

"இல்லீங்க மாமா, பனமரம் தெரிஞ்சுது. அடியில பனமரம்."

"புழுதியில உனக்கு அப்படித் தெரிஞ்சிருக்கும்."

அம்மா அப்போதுதான் குடத்தைக் கீழே வைத்தாள். "ஊட்டுக்கு வா, சோறு திங்கலாம்" என்றாள்.

அடுத்த வாரம் மாமனே எஞ்சினைக் கழற்றி எங்கள் கிணற்றில் தண்ணீர் இறைக்க மாட்டினார். சுற்றுப்பட்டில் எருது இழுக்கிற கமலை இல்லாமல் தண்ணீர் பாய்ந்த முதல் வயல் எங்களுடையது. என் கல்யாணம் வரைக்கும், அதன் பிறகு என் பிள்ளைகள் காதுகுத்து வரைக்கும், தாய்மாமன் சீர் ஒன்றுகூடக் குறையாமல் வந்து நின்று செய்தார். அதெல்லாம் பின்னால்.

அன்று மத்தியானம் அம்மா பரிமாறப் பரிமாற அவர் மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். நான் எதிரில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாமன் நம்பவில்லையே என்று வந்த அழுகை நின்று எனக்கு ஒரு பெருமை வந்துவிட்டது. நம் ஊரில் ஒருவர் ஆகாயத்தில் போய் வந்திருக்கிறார். அது தெரிந்தவள் இந்த உலகத்தில் நான் ஒருத்திதான். பாவம், மேலே உட்கார்ந்து போன மாமனுக்கே தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அப்படித்தான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.