பம்ப் கழட்டிக் கிடந்த ஜீப்

பேய், பிசாசு, காத்து கருப்பு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். கம்பெனியில் மெயின்டனன்ஸ் வேலை பார்த்தே தலை நரைத்தவன். ஒரு மெஷின் நின்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், ஓடினாலும் ஒரு காரணம் இருக்கும், எனக்குத் தெரிந்த வேதாந்தம் அவ்வளவுதான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது ஏனென்றால், நான் சொல்லி முடிக்கும்போது நீங்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பீர்கள். பாருங்கள், பரவாயில்லை. என் மனைவியிடம்கூட இதை முழுசாகச் சொன்னதில்லை.

என்னிடம் ஒரு பழைய டீசல் ஜீப் இருக்கிறது. நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி. உப்பளம் பகுதியில் பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்குகிற ஒரு சொல்தா வீட்டுப் பெரியவர், பிரான்சுக்கு மகனோடு இருக்கப் போகும்போது எனக்கு விற்றது. உடனே அந்தப் பெரியவரின் ஆவி என்று முடிவு கட்டிவிடாதீர்கள், மனுஷன் அங்கே நன்றாக இருக்கிறார், பொங்கலுக்குப் போன் செய்கிறார். வண்டிதான் நன்றாக இல்லை. காலையில் ஸ்டார்ட் ஆனால் சாயந்திரம் ஆகாது, வைப்பர் மழையைப் பார்த்தால் நின்றுவிடும், ஹேண்ட்பிரேக் பேருக்குத்தான். அதனால் நிறுத்தும்போது முதல் கியரில் போட்டு, பின் சக்கரத்துக்கு ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் இறங்குவேன். என் மனைவி அதைச் சக்களத்தி என்றுதான் சொல்வாள். 'உங்க சக்களத்திக்கு இன்னிக்கு என்ன ஒடம்புக்கு' என்று கேட்டுக்கொண்டேதான் காபி கொடுப்பாள்.

எங்கள் தெரு உழவர்கரையில் பள்ளமான பக்கம். எதிர்வீட்டில் ஏழுமலையும் அவர் மனைவி கௌரியும். ஏழுமலை மில்லில் இருந்தவர், மில் மூடிய பிறகு பெயிண்ட் வேலைக்குப் போகிறார். என் ஜீப் மக்கர் செய்கிற சத்தம் கேட்டால் போதும், கூப்பிடாமலே வந்து நிற்பார். எங்கள் போர்ட்டிகோ தெருவைவிடக் கொஞ்சம் மேடு, அந்தச் சரிவில் தள்ளிவிட்டால் ரெண்டாவது கியரில் கிளட்சை விட்டதும் பிடித்துக்கொள்ளும். ஏழுமலை முதலில் செங்கல்லை எடுத்து ஜீப்பின் பின்பக்கம் போடுவார், போகிற இடத்தில் எனக்கு வேண்டுமே என்று. அப்புறம் தள்ளுவார். புகையை மூஞ்சியில் வாங்கிக்கொண்டு சிரிப்பார். எத்தனையோ நாள் அவர் வேலைக்குப் போகிற வெள்ளைச் சட்டை என்னால் கரியாகியிருக்கிறது. ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

அந்த வருடம் ஐப்பசி மழை எப்படிப் பெய்தது என்று உங்களுக்கே தெரியும். அதற்கு முந்தின மழையில் நான் வீம்புக்கு ஜீப்பைத் தண்ணீரில் இறக்கி, இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்து, மாதக்கணக்கில் ஒர்க்ஷாப்பில் கிடந்தது. மறுபடி தண்ணீரில் விட்டால் தூக்கிக் கடலில் போட்டுவிடுங்கள் என்று மெக்கானிக் சொல்லித்தான் கொடுத்தார். ஆகவே இந்த முறை மழை தொடங்கியதுமே ஜீப்புக்கு நீலத் தார்ப்பாய் போட்டு மூடி, கேட்டைச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டேன். மனைவி கடலூரில் மகள் வீட்டில் இருந்தாள். கரண்ட் இல்லை. தெருவில் தொடை அளவு தண்ணீர்.

விளக்கு வைக்கிற நேரம் இருக்கும். கேட்டை யாரோ ஆட்டுகிற சத்தம். போய்ப் பார்த்தால் ஏழுமலை, சட்டைகூட இல்லை.

"அண்ணா, கௌரிய பாம்பு கடிச்சிடுச்சுணா. அடுப்பாண்ட வந்துகீது. என்னா பாம்புன்னு தெரியல. கண்ணு சொருவுதுன்றா."

"ஆம்புலன்சுக்குச் சொன்னியா?"

"இந்தத் தண்ணில உள்ள வர முடியாதாம்ணா. ஆட்டோகாரன் எவனும் வரல. உங்க வண்டி ஒண்ணுதான் ஒசரம், அதுதான் போவும். கோரிமேடு ஆஸ்பத்திரி வரைக்கும் இட்டுனு போயிட்டா போதும்ணா."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? சாவியை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் திரும்பித் தார்ப்பாயைப் பார்த்தேன். மெக்கானிக் சொன்னது காதில் கேட்டது. வாய் தானாகச் சொன்னது.

"ஸ்டார்ட் ஆவலியே ஏழுமலை."

அந்தப் பொய் எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா. எத்தனையோ நாள் உண்மையாகச் சொன்ன வார்த்தைதானே, நாக்குக்குப் பழக்கம்.

"நான் தள்றேன்ணா. தள்ளினா வந்துடும், எனக்குத் தெரியாதா?"

"தள்ளினாலும் வராதுப்பா. டீசல் பம்ப் கழட்டிக் கெடக்குது."

அவர் நம்பினார். அதுதான் இன்றைக்கும் என்னால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. "சரிணா, நீங்க இன்னா பண்ணுவீங்க" என்று எனக்கே சமாதானம் சொல்லிவிட்டுத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடினார். நான் மாடிக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்துகொண்டேன். யாராவது ஒரு வழி பண்ணுவார்கள், டிராக்டர் கிராக்டர் ஏதாவது கிடைக்கும், நான் ஒருத்தன்தானா தெருவில் இருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இறங்கிப் போகவில்லை. சாவிக்கொத்து என் மடியிலேயே இருந்தது, வண்டிச் சாவி, கேட்டுச் சாவி எல்லாம் அதில்தான்.

கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். கீழே ஒரு சத்தம். நம்புங்கள், நம்பாமல் போங்கள், அது என் ஜீப்பின் சத்தம். ரெண்டு இருமல், அப்புறம் ஒரு விக்கல், அப்புறம் தடதடவென்று பிடிக்கும். இந்த ஊரில் வேறு எந்த வண்டிக்கும் அப்படி வராது. பெற்ற பிள்ளையின் அழுகை மாதிரி எனக்கு அது தெரியும். எழுந்து ஜன்னலுக்கு ஓடினேன்.

ஜீப் இருந்த இடத்திலேயே இருந்தது. நீலத் தார்ப்பாய் மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. கேட்டில் சங்கிலி பூட்டியபடியே தொங்கிக்கொண்டிருந்தது. சத்தம் மட்டும் தெருவில் போய்க்கொண்டிருந்தது. எதிர்வீட்டு வாசலில் கொஞ்சம் நின்றது, தண்ணீரைத் தள்ளிக்கொண்டு மெயின் ரோட்டுப் பக்கம் திரும்பியது, கியர் மாற்றுகிற இடத்தில் என் வண்டி ஒரு முனகு முனகும், அதையும் முனகிவிட்டுத் தேய்ந்து போனது. நான் தார்ப்பாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். பயம் என்று சொல்ல முடியாது, வெட்கமா என்றும் தெரியவில்லை. போர்வையைத் தலைவரை இழுத்து மூடிப் படுத்துவிட்டேன்.

விடிந்தபோது மழை விட்டிருந்தது. முதல் வேலையாகக் கீழே போனேன். பூட்டு அப்படியே இருந்தது. தார்ப்பாய்க் கயிற்றில் நான் போட்ட முடிச்சும் அப்படியே இருந்தது. அவிழ்த்து பானெட்டில் கை வைத்தேன். ராத்திரி முழுக்க ஈரக்காற்றில் நின்ற இரும்பு, சில்லென்றுதானே இருக்க வேண்டும்? அடுப்பிலிருந்து இறக்கிவைத்த பாத்திரம் போல வெதுவெதுப்பாக இருந்தது. கதவைத் திறந்தேன். முன் சீட் நனைந்திருந்தது. கியர் ரெண்டில் கிடந்தது. சக்கரத்துக்குக் கீழே செங்கல் இல்லை. எங்கே என்று தேடவே வேண்டாம், பின்பக்கம் ஏழுமலை எப்போதும் போடுகிற மூலையில் கிடந்தது.

அப்படியே நின்றுகொண்டிருக்கும்போது ஏழுமலை தண்ணீரில் நடந்து வந்தார். வந்தவர் கேட்டுக் கம்பி வழியாகக் கையை விட்டு என் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"பொழச்சிக்கிச்சிணா. ஊசி போட்டு இப்ப கண்ணு முழிச்சிப் பேசுது. இன்னும் செத்த லேட்டாயிருந்தா கஷ்டம்னு சொல்லிட்டாரு டாக்டரு." பிடித்த கையை அவர் விடவில்லை. "பம்ப் கழட்டிக் கெடக்குதுன்னீங்க. அதுக்குள்ள எப்டிணா மாட்டினீங்க? திரும்பிப் பாக்கறேன், கேட்ட தொறந்துட்டு ஸ்டீரிங்ல குந்தியிருக்கீங்க. ரெண்டு தள்ளுதான் தள்ளினேன், புடிச்சிக்கிச்சு."

நான் வாயைத் திறந்தேன். அது நான் இல்லை ஏழுமலை என்று சொல்லத்தான் திறந்தேன். சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி வரும், அப்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று. மாடியில், மடியில் சாவியோடு உட்கார்ந்திருந்தேன் என்று சொல்ல வேண்டும்.

"ஒடம்பு இப்ப எப்டி இருக்கு?" என்று கேட்டேன், அவர் சொல்லி முடித்த அதே விஷயத்தை.

"உங்களுக்குத்தான் எங்க மேல கோவமோன்னு நெனச்சேன்ணா" என்றார். "கோரிமேடு போற வரைக்கும் ஒரு வார்த்த பேசல நீங்க. எறக்கி விட்டதும் திரும்பிப் பாக்காம போயிட்டீங்க."

முதல் பொய்யாவது ஒரு நிமிஷத்தில் வாய் தவறி வந்தது என்று வைத்துக்கொள்ளலாம். உண்மையைச் சொல்லாமல் பேச்சை மாற்றிய இதை எதில் சேர்ப்பது? தெருவே என்னைப் பார்த்தால் வணக்கம் வைத்தது. கடலூரிலிருந்து திரும்பிய மனைவி, சக்களத்தியைத் தொட்டுக் கும்பிட்டு அதற்கு ஒரு எலுமிச்சம்பழம் வேறு கட்டினாள். நானும் அத்தனை வணக்கத்தையும் வாங்கிக்கொண்டேன். வேறு யாராவது வண்டியை எடுத்திருப்பார்கள் என்பீர்கள். யார்? எப்படி? அதைத்தான் நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்று. அன்றிலிருந்து அந்த ஜீப் ஒருநாள்கூட மக்கர் செய்ததில்லை. சாவியைத் திருப்பினால் போதும், குளிரோ மழையோ, உடனே பிடித்துக்கொள்கிறது. மெக்கானிக் தான் செய்த வேலைதான் காரணம் என்கிறார், இருக்கட்டும். ஏழுமலை மட்டும் என் பொழப்புல மண்ணப் போட்டுட்டீங்களேணா, தள்றதுக்கு வழியில்லாம பண்ணிட்டீங்களே என்று கேலி செய்வார். எனக்கு அந்தச் சாவியைத் திருப்பும்போதெல்லாம் உடம்பு கூசும். ஸ்டார்ட் ஆகவில்லை என்று சொல்ல எனக்கு இனிமேல் வாய் கிடையாது. யார் எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் போகிறேன். போனால் மனசு ஆறும் என்று நினைத்தேன், ஆறவில்லை.

போன ஆடியில் எங்கள் தெரு மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். முதல் சொம்பை எடுத்துக்கொண்டு கௌரி நேராக என்னிடம்தான் வந்தாள். ஏழுமலை கொஞ்சம் தள்ளி அண்டாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அன்றைக்கு எனக்குத் தாங்கவில்லை. இவளிடமாவது சொல்லிவிடுவோம் என்று, "கௌரி, அன்னிக்கு மழையில..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்ணா" என்றாள் மெதுவாக. "நான் முன்னாடி சீட்ல உங்க பக்கத்துலதான சாஞ்சிருந்தேன். அவுரு பின்னாடி குந்தியிருந்தாரு, அவருக்குத் தெரியாது. நானும் சொல்லல."

"என்ன தெரியும்?"

"நீங்க வழி முச்சூடும் அழுதுகினே வந்தீங்கணா. சத்தமே இல்லாம. என் அண்ணன்கூட எனக்காக அப்டி அழுததில்ல." சொம்பை என் கையில் வைத்தாள். "அது போதும்ணா எனக்கு. குடிங்க."

நான் அன்றைக்கு அழவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு பொட்டுக் கண்ணீர் வரவில்லை எனக்கு. கட்டிலில் உட்கார்ந்து, வண்டிக்குத் தண்ணீர் ஏறாமல் இருக்க வேண்டுமே என்றுதான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். அப்படியென்றால் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அழுதது யார்? என் முகத்தோடு, என் சட்டையோடு, என்னைவிட நல்லவனாக ஒருத்தன் வந்து என் வேலையைச் செய்துவிட்டுப் போயிருக்கிறான். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதற்காகக் கூழை முழுங்கினேன்.

இப்போதெல்லாம் மழை பலமாகப் பிடித்தால் நான் வீட்டுக்குள் இருப்பதில்லை. தார்ப்பாயும் போடுவதில்லை. கேட்டைத் திறந்து வைத்துவிட்டு, சாவியோடு போய் ஜீப்பில் உட்கார்ந்துகொள்கிறேன். மனைவி கேட்டால் கரண்ட் இல்லை, புழுக்கம் என்பேன். அடுத்த முறை அந்த வண்டி கிளம்பும்போது ஸ்டீரிங்கில் நான் இருக்க வேண்டும், எனக்கு அவ்வளவுதான் வேண்டும்.

இதை நீங்கள் நம்பவே வேண்டாம். போர்ட்டிகோவில் சாரல் அடிக்கும், பானெட் பனிக்கட்டியாகக் கிடக்கும், பக்கத்துச் சீட்டில் கை வைத்தால் சில்லென்று இருக்கும். நான் உட்காருகிற சீட் மட்டும் ஒவ்வொரு தடவையும் சூடாக இருக்கிறது, இப்போதுதான் ஒருத்தன் எழுந்து எனக்கு இடம் விட்ட மாதிரி.