குவைத் குளிருக்கு ஒரு துண்டுப் போர்வை

சாச்சியின் தையல் மெஷினுக்குக் கீழே கிடந்த உரச்சாக்கின் வாயைத் திறந்தால் புதுத்துணியின் கஞ்சி மணமும் மெஷின் எண்ணெயின் மணமும் ஒன்றாய்க் கலந்து முகத்தில் வந்து மோதும். கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சாக்குக்குள் கையை விட்டு, விரலில் அகப்படும் துண்டு என்ன துணி என்று சொல்வது நானாகவே எனக்கு ஏற்படுத்திக்கொண்ட விளையாட்டு. வழுக்கினால் சாட்டின், பிடிக்கும் முன்னரே நழுவினால் வொயில், சொரசொரத்தால் பாடசாலைச் சீருடை, கனமாய்த் தொங்கினால் அபாயாத் துணி. எதிரில் யாரும் இல்லாத விளையாட்டு என்பதால் நான் ஒருநாளும் தோற்றதில்லை.

அப்போது எனக்குப் பத்து வயது. போர் முடிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்தவர்கள், புத்தளத்திலிருந்து கற்பிட்டிக்குப் போகும் வீதியோரமாகக் கடலோரக் களப்பின் கரையில் தென்னங்கிடுகு வேய்ந்து உண்டாக்கிக்கொண்ட குடியிருப்பில்தான் நான் பிறந்தேன். ஆனாலும் வீட்டில் ‘ஊர்’ என்று சொன்னால் அது நான் கண்ணாலும் கண்டிராத மன்னார்க் கிராமம்தான். போர் முடிந்ததும் அந்த ஊருக்குத் திரும்பிப் போகலாம் என்றாயிற்று. காடு மண்டிக் கிடந்த எங்கள் காணியை வெட்டித் துப்புரவாக்க வாப்பா முதலில் போனார். அங்கே வீடு கட்டக் காசு தேவை என்று உம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனார். “ரெண்டே ரெண்டு வருசம் மகள், கண்ண மூடி முழிக்கிறதுக்குள்ள வந்துருவன்” என்று என் தலையைத் தடவிச் சொல்லிவிட்டு வான் வண்டியில் ஏறினார். என்னை உம்மாவின் தங்கையான சாச்சியிடம் விட்டுவிட்டார்கள்.

சாச்சி என்மேல் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் அவருக்கு நேரம் இல்லை. சாச்சப்பா உப்பளத்துக்குப் போனதும் கைக்குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டு மெஷினில் உட்கார்ந்தால், கடைக்காரருக்குக் கொடுக்க வேண்டிய தைப்புகள் முடியும்வரை எழும்ப மாட்டார். நான் விளையாடப் போகலாம் என்றாலோ, விளையாட வந்த பிள்ளைகள் ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டிருந்தார்கள். கிழமைக்கு ஒரு லொறியாவது வரும். கதிரை, அலுமாரி, கோழிக்கூடு எல்லாவற்றையும் ஏற்றி, மேலே பிள்ளைகளையும் உட்கார வைத்துக்கொண்டு மன்னார் பக்கம் போகும். வகுப்பில் என்னோடு ஒரே வாங்குப் பலகையில் இருந்த நஸ்ரினா போன அன்று, லொறி வளைவில் திரும்பி மறையும்வரை கையை ஆட்டினாள். மறுநாள் அந்த வாங்கு முழுவதும் எனக்கே கிடைத்தது. பிள்ளைகள் போதாமல் போகவே மிஸ் இரண்டு வகுப்புகளை ஒன்றாக இருத்திப் படிப்பித்தார்.

வெள்ளிக்கிழமைகளில் உம்மாவிடமிருந்து அழைப்பு வரும். சாச்சியின் தொலைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கதைக்க ஒன்றும் வராமல் நிற்பேன். அப்படி ஒரு வெள்ளியில்தான், உம்மா போய் இரண்டாவதோ மூன்றாவதோ கிழமை, “உம்மா, அங்க வெயிலா?” என்று கேட்டேன்.

“வெளியில எண்டா கொதிக்கிது மகள். ஆனா உள்ளுக்க எந்நேரமும் ஏசி. குளிர் தாங்கேலா, படுத்தா நடுங்குது” என்று சொல்லி உம்மா சிரித்தார்.

சிரிப்பை நான் கேட்டதாக நினைவில்லை. நடுக்கத்தை மட்டும்தான் கேட்டேன். அன்று பின்னேரமே உரச்சாக்கைக் கவிழ்த்துக் கொட்டி, உம்மாவுக்கு ஒரு போர்வை தைப்பது என்று முடிவு செய்தேன். சாச்சி கழித்துப்போட்ட அந்த “வெட்டுத்துண்டு”களைத் தவிர என்னிடம் வேறு துணி இல்லை. மெஷினைத் தொட அனுமதியும் இல்லை. ஆகவே சதுரம் சதுரமாக வெட்டிக் கையால் சேர்த்துத் தைப்பதுதான் வழி.

பிஸ்கட் பெட்டி மட்டையில் ஒரு சதுரம் வெட்டி, அதைத் துணிமேல் வைத்துப் பென்சிலால் சுற்றிக் கோடிட்டு வெட்டினேன். நான்கு வரிசை தைத்து விரித்தபோது போர்வை ஒரு பக்கம் அகன்றும் மறுபக்கம் ஒடுங்கியும் கிடந்தது. ஏன் என்று புரியாமல் அழுகை வந்தது. பழைய சதுரத்தையும் புதிய சதுரத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்த பிறகுதான், கத்தரிக்கோல் பட்டுப் பட்டு மட்டையின் ஓரம் தேய்ந்துபோனதும், பிந்தி வெட்டியவையெல்லாம் சிறுத்துப்போனதும் தெரிந்தது. நான்கு வரிசையையும் பிரித்தேன். வீதிக்கு அப்பால் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த வீட்டின் மணல் குவியலில் கிடந்த சின்ன டைல் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தேன். அது தேயவில்லை.

கட்டம் போட்ட கணக்குக் கொப்பியில் போர்வையை முதலில் வரைந்துகொண்டேன். நடுவில் ஒரு சிவப்புக் கட்டம். அதைச் சுற்றி மஞ்சள், அதைச் சுற்றிப் பச்சை, பிறகு பூப்போட்ட துணிகள், பிறகு ஆண்கள் உடுத்தும் சாரத்தின் கோட்டுத் துணிகள், கடைசியில் அபாயாக் கறுப்பு என்று கிணற்றில் கல் போட்டால் விரியும் வளையங்களைப் போல நிறங்கள் வெளியே போகும். கொப்பியில் அழகாக இருந்தது பாயில் பரப்பினால் அப்படி இருக்கவில்லை. பச்சையும் நீலமும் தள்ளி நின்று பார்த்தால் ஒன்றாகிவிட்டன. வெளிர் நிறம் ஒன்றை இடையில் வைத்த பிறகே இரண்டும் தனித்தனியாகத் தெரிந்தன. களப்புக் காற்று கதவால் புகுந்து பரப்பியதையெல்லாம் கலைக்கும். மறுபடியும் பரப்புவேன். பாடசாலை விட்டு வந்தால் அந்தி மஃரிப் பாங்கு சொல்லும்வரை அதே வேலை. ஒருவரும் கூப்பிட வராத வீட்டில் பின்னேரம் என்பது எவ்வளவு நீளம் என்பதை நான் அளந்தது அந்தச் சதுரங்களால்தான்.

“என்னத்துக்குப் புள்ள இப்பிடிக் கண்ணக் கெடுக்கிறா? கடையில போர்வ இல்லாமலா கிடக்கு?” என்று சாச்சி இடைக்கிடை ஏசுவார். ஆனால் ஒருநாள் யாருடையதோ கலியாணத்துக்குத் தைத்த மஞ்சள் சாட்டினில் மிஞ்சிய நல்ல துண்டை, என்னைப் பார்க்காமலே காலால் என் பக்கம் தள்ளிவிட்டார்.

இரண்டு வருடம் முடியப் போகும்போது போர்வையில் நடுக்கட்டம் ஒன்றுதான் மிச்சம். சாக்கில் வந்த சிவப்பு எதுவும் எனக்குத் திருப்தியில்லை. ஒன்று சாயம் போயிற்று, ஒன்று செங்கல் நிறம். உம்மா வருவதற்குள் எப்படியும் கிடைத்துவிடும் என்றிருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை உம்மாவின் குரல் யாரோ எழுதிக் கொடுத்ததை வாசிப்பது போல இருந்தது. “மகள், இன்னும் ஒரு வருசம் இரிந்துட்டு வாறன். நம்மட வீடு கட்டி முடியல்லத்தானே. நான் வேல செய்யிற வீட்டு மெடமும் நல்லவங்க. நீங்க சாச்சிக்குச் சொல்லுக் கேட்டு நல்லா இரிங்க.”

“நீங்க ரெண்டு வருசம் எண்டுதானே சொன்னீங்க?”

“ஓம் மகள். வைக்கிறன்.”

சாச்சி குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். நான் அறைக்குள் போய், உம்மா விட்டுப்போன எங்கள் அலுமாரியைத் திறந்தேன். மேல்தட்டில் வெள்ளைத் துணியில் சுற்றி உம்மாவின் கலியாணச் சாரி இருந்தது. கடுஞ்சிவப்புப் பட்டு. உள்பக்க மூலையில் வெட்டியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அதை யோசித்தேன் என்பதும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆனாலும் முந்தானையை விரித்து, அதன் நட்டநடுவில் டைலை வைத்துக் கோடிட்டு வெட்டினேன். வெட்டி முடித்து, மறுபடியும் மடித்து, அதே துணியில் சுற்றி வைத்தேன். போர்வையை அந்த வாரமே தைத்து முடித்து, பழைய படுக்கை விரிப்பை நடுவிலும் வாப்பாவின் சாரத்தை அடியிலும் வைத்து மூட்டி, என் பாயின் கீழே மறைத்தேன்.

ஒரு வருடம் என்றது ஒன்றரை வருடமாயிற்று. உம்மா வந்தபோது எனக்கு ஏறக்குறைய பதினான்கு வயது. மெலிந்து, கண்ணைச் சுற்றிக் கறுத்து இருந்தார். என்னைக் கட்டிப்பிடிக்க வந்தவர், என் உயரத்தைக் கண்டு ஒரு கணம் தயங்கினார். பெட்டியைத் திறந்து, புலிப்படம் போட்ட தடித்த போர்வை ஒன்றை இழுத்தெடுத்தார். “போன முதல் மாசமே மெடம் தந்தது. இதுக்குள்ள பூந்தா ஒரு குளிரும் தெரியாது” என்றார். முதல் மாதத்துக்குப் பிறகு உம்மா அங்கே குளிரில் நடுங்கியிராத அந்த வருடங்கள் முழுவதும் நான் ஊசியோடு இருந்திருக்கிறேன் என்பது மட்டும் மெல்ல மெல்ல உறைத்தது. போர்வையை இனிமேல் யாருக்கும் காட்டுவதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் வாப்பா லொறியோடு வந்தார். அலுமாரியைத் தூக்குவதற்காக உள்ளிருந்ததையெல்லாம் வெளியே எடுத்தபோது உம்மா சாரியை ஆசையோடு விரித்தார். முந்தானையில் இருந்த சதுர ஓட்டைக்குள்ளால் அவருடைய கை தெரிந்தது.

“அல்லாஹ்வே, எலி வெட்டிட்டுது ராத்தா” என்றார் சாச்சி.

“எலி சதுரமாவா வெட்டும்?” என்று உம்மா மெதுவாகக் கேட்டார்.

நான் பாயைத் தூக்கிப் போர்வையை எடுத்து வந்து உம்மாவின் முன்னால் போட்டேன். உம்மா தரையில் உட்கார்ந்து அதை விரித்தார். கறுப்பிலிருந்து உள்ளே உள்ளே போன அவருடைய விரல் நடுவில் இருந்த பட்டில் வந்து நின்றது.

“எப்ப மகள் வெட்டினீங்க?”

“நீங்க வரமாட்டன் எண்டு சொன்ன அண்டைக்கு.”

உம்மா நெடுநேரம் அந்தச் சதுரத்தைவிட்டுக் கையை எடுக்கவில்லை. பிறகு, வெளியே லொறியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்த வாப்பாவுக்குக் கேட்காத குரலில் சொன்னார்: “நான் வரமாட்டன் எண்டு சொல்லல்ல மகள். என்ட பாஸ்போட்ட மெடம் தரல்ல. கேட்டதுக்கு அடிச்சாங்க. அண்டைக்கு நான் உங்களோட கதைக்கக்குள்ள பக்கத்துல நிண்டு கேட்டுக்கொண்டு இருந்தாங்க. வாப்பாக்குச் சொல்லிராதீங்க. வீட்டுக்காகத்தான் போனனான் எண்டு அவர் மனசு உடைஞ்சு போகும்.”

என்னைக் கட்டிப்பிடித்து அழுவார் என்று நினைத்தேன். நானாவது அழுவேன் என்று நினைத்தேன். இருவரும் அழவில்லை. அத்தனை வருடம் தொலைபேசியில் மட்டும் கதைத்த இரண்டு பேருக்கு, அழுவதற்கு எவ்வளவு பக்கத்தில் உட்கார வேண்டும் என்று தெரியவில்லை. உம்மா சாரியை மடித்தார். நான் போர்வையை மடித்தேன்.

மன்னார் வீட்டில் உம்மா அந்தப் போர்வையைத்தான் போர்த்துக்கொண்டார். நடுவிலிருந்த பட்டுதான் முதலில் கிழிந்தது. பிறகு ஒவ்வொரு வளையமாக நைந்துபோக, கடைசியில் வாப்பா தன் மோட்டார் சைக்கிளை மூட எடுத்துக்கொண்டார். ஒரு மாரியில் மழையில் நனைந்து உக்கியதும் எறிந்துவிட்டார்கள். அவர்கள் யாரையும் நான் குறை சொல்லவில்லை.

இப்போது நான் வேலைக்காகப் புத்தளத்துக்குத் திரும்பி வந்து, தனியே ஓர் அறையில் இருக்கிறேன். சாச்சியும் மன்னாருக்குப் போய்விட்டார். எங்கள் குடியிருப்பு இருந்த இடத்தில் மதில் கட்டி யாரோ தென்னங்கன்று வைத்திருக்கிறார்கள். பேருந்திலிருந்து பார்த்தால் எந்தக் கன்று நிற்கும் இடம் எங்கள் வீடு என்று மட்டுக்கட்ட முடியவில்லை. மாதம் ஒரு தடவை ஊருக்குப் போவேன். விடியவே உம்மா தேங்காய்ப்பூவும் சீனியும் அள்ளிப்போட்டு றொட்டி சுட்டு வைத்திருப்பார். பத்து வயதில் அது எனக்கு உயிர். பதினொன்றிலோ பன்னிரண்டிலோ, உம்மா இல்லாத ஏதோ ஒரு வருடத்தில், இனிப்பு எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது. உம்மாவுக்கு அது தெரியாது. எதிரில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். முடிய முடிய இன்னொன்று எடுத்து வைப்பார். நானும் சாப்பிடுகிறேன்.