இல்லாத மில்லடியில் இடப்பக்கம்

1994 ஓகஸ்ட், வெள்ளிக்கிழமை காலை 6.30. கிளென் வேவர்லியிலிருந்து புறப்பட்டோம். ஓட்டியவள் மனைவி. யாழ்ப்பாணத்தில் பதினொரு வருடம் லொறி ஓட்டிய என்னை மெல்பேணில் லைசென்ஸ் சோதனையில் மூன்று தரம் பெயிலாக்கியிருந்தார்கள். அவள் முதல் தரமே பாஸ். திங்கட்கிழமை தொடங்கவிருந்த என் புதிய வேலையோ வான் ஓட்டும் வேலை. இன்று லைசென்ஸ் கிடைக்காவிட்டால் வேலையும் கிடையாது. நாட்டுப்புறத்தில் சோதனை சுகம் என்று நண்பர் ஒருவர் சொன்னதை நம்பி, 214 கிலோமீற்றர் தள்ளியிருந்த பூலங்கூரில் பதிந்திருந்தேன். பெயரில் மட்டும் நம்மூர்.

"இஞ்சாருங்கோ, அங்கை ரவுண்டபவுட் ஒண்டே ஒண்டுதானாம். அதிலையும் பிழைவிட்டால் பிறகு சைக்கிள்தான்," என்றாள்.

9.20. ஒரு தெரு, இரண்டு மதுச்சாலை, போர் நினைவுத்தூண், நாலரையில் நின்றுபோன மணிக்கூட்டுக் கோபுரம். சோதனை பதினொரு மணிக்கு. மனைவி காருக்குள் தூங்கிவிட்டாள். வீதி விதிப் புத்தகத்தைப் படிக்கலாமென்று, அவுஸ்திரேலியக் குளிருக்கு ஒதுங்கி, ஊரின் பழம்பொருட்கள் வைத்திருந்த நூதனசாலைக்குள் நுழைந்தேன். கட்டணம் இரண்டு டொலர். ஆள் கிடைத்த சந்தோஷத்தில் அங்கிருந்த கிழவர் என்னை விடவில்லை. தங்கம் கிடைத்ததாம், தீர்ந்ததாம். ரயில் வந்ததாம், பிறகு நின்றேபோனதாம்; ஸ்டேஷன் இருந்த இடம் இப்போது புல்வெளி. மாவு மில் எரிந்துபோய் அங்கே இப்போது மீன் பொரிக்கும் கடை; வங்கி மூடி, முடிவெட்டும் சலூன். மில்லின் கருகிய செங்கல்லைக் கையில் தந்து பாரம் பார்க்கச் சொன்னார். ஊரில் இருப்பதைச் சொல்ல ஐந்து நிமிடம், இல்லாததைச் சொல்ல ஒரு மணித்தியாலம். புத்தகத்தைத் திறக்கவே முடியவில்லை. மனதுக்குள் அந்த மனிசனைத் திட்டித் தீர்த்தேன்.

11.00. சோதிக்க வந்த பெண்மணி அந்த ஊரிலேயே பிறந்தவர். பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, மில்லில் இடப்பக்கம் திரும்பச் சொன்னார். தெருவில் மில்லைத் தேடினேன். அப்போது பொரித்த மீன் வாசம் வந்தது. சிக்னலைப் போட்டுத் திருப்பினேன். வங்கியில் வலம் என்றார், சலூனில் திருப்பினேன். ஸ்டேஷன் வாசலில் நிறுத்தச் சொன்னார். தண்டவாளமே இல்லாத புல்வெளியோரம் நிறுத்தினேன்.

பாஸ். போன கிழமை சோதனைக்கு வந்த ஒருவர் மில்லைத் தேடி அடுத்த ஊர்வரை போய்விட்டாராம். சிரித்துவிட்டு என்னைப் பார்த்து, "நீங்கள் இந்த ஊரா?" என்று கேட்டார்.

12.15. திரும்பும்போது நான் ஓட்டினேன். யாழ்ப்பாணத்தில் எங்கள் ஆலடிச் சந்தியிலும் ஆலமரத்தை நான் கண்டதில்லை. ஆனாலும் வந்தவர்களை அங்கேதான் திரும்பச் சொல்வோம். இந்த நாட்டுக்கு வந்த மூன்று வருடத்தில், எந்த நாடு என்று கேட்காதவர் இல்லை. இந்த ஊரா என்று கேட்டவர் அவர் ஒருவர்தான். லைசென்ஸைவிட அதுதான் எனக்குப் பெரிய சந்தோஷம்.

"அதுக்கு என்ன சொன்னனீங்கள்?" என்றாள், நடந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டு வந்த மனைவி.

"ஓம் எண்டு சொல்லிப்போட்டன்."